சூசைராஜின் யெஸ்டியும் என் அளவு ரவிக்கையும்

மாடிப்படிக்குக் கீழே கிடந்ததை சூசைராஜ் வண்டி என்பார். எனக்கு அது மாப்புத் துணி காயப்போடுகிற இடம். அதன் ஹேண்டில் அதற்கென்றே செய்தது போல அகலமாக இருக்கும். சீட்டுக்கு மேலே சாக்கு, சாக்குக்கு மேலே பழைய பேப்பர் கட்டு. வண்டியின் பக்கவாட்டில் இருந்த சாமான் பெட்டியின் மூடி தொலைந்துபோய், ஒரு வருஷம் அதில் பூனை குட்டி போட்டது.

"பழைய இரும்புக்காரன் வரான், போட்டுடுங்கோளேன் அண்ணா" என்பேன்.

"நக்கோ ஹம்சாம்மா. யெஸ்டி அது. தூங்குது. எழுப்பினா எழுந்துக்கும்" என்பார்.

அவரும் எழுப்பவில்லை, அதுவும் எழுந்துகொள்ளவில்லை. நானும் மாப்புத் துணிக்கு வேறு இடம் தேடவில்லை.

எங்கள் வீடு செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் இருக்கிறது. கீழே நாங்கள், மாடியில் சூசைராஜ். அவருடைய தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சமைக்க செகந்திராபாத்துக்கு வந்தவர். அதற்கப்புறம் அந்தக் குடும்பம் திரும்பிப் போகவில்லை. சூசைராஜ் பேசுவது தமிழ்தான். நடுநடுவே ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதுக்கு என்பதற்குக் கைக்கு என்று இந்த ஊர்ப் பேச்சு தாளித்த மிளகாய் மாதிரி வந்து விழும். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுவது தொழில். மெயின் ரோட்டில் ஒரு ஷட்டர் கடை, உள்ளே உட்கார்ந்து காயில் சுற்ற இரண்டு பேர். வீடு வீடாகப் போய் மோட்டாரைப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, கழற்றிக்கொண்டு வருவது மட்டும் அவர் வேலை.

ஊரே கம்ப்யூட்டரால் பணக்காரன் ஆனது என்கிறார்கள். கம்ப்யூட்டர்காரன் வந்தான், அவனுக்காக அபார்ட்மெண்ட் எழும்பியது, அபார்ட்மெண்டுக்கு போர் போட்டார்கள், போரில் தண்ணீர் கீழே இறங்கி மோட்டார் எரிந்தது. சூசைராஜ் முன்னுக்கு வந்தது அப்படித்தான். மீன் வாசனை வருமே, எப்படி வாடகைக்கு விட்டாய் என்று என் ஓர்ப்படி மெட்ராசிலிருந்து போனில் கேட்டாள். "ஏப்ரல்ல மோட்டார் எரிஞ்சு குளிக்கத் தண்ணி இல்லேன்னா என்ன வாசனை வரும்னு தெரியுமோ உனக்கு?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சீதாராமனையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் பாதித் தொந்தரவு அவரால். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ரிடையர் ஆனவர். வருகிற சாமானை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு கட்டுவதுதான் உத்தியோகம். ரிடையர் ஆனபிறகும் கை நிற்கவில்லை. கலர் பேப்பர் வாங்கித் தானே சீட்டு வெட்டி வைத்துக்கொண்டார். குக்கர் கேஸ்கெட்டுக்குச் சிவப்புச் சீட்டு. நான் வாங்கிவந்த தேங்காய்க்குச் சிவப்புச் சீட்டு. ரிஜெக்ட் ஆனதைத் தூக்கியும் போட மாட்டார், டப்பாவில் சேர்த்து வைப்பார். எனக்குத்தான் இன்னும் எந்தச் சீட்டும் கட்டவில்லை. எந்தக் கலரில் கட்டினாலும் அன்று சாப்பாடு கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

சூசைராஜின் மனைவி ஸ்டெல்லா மஞ்சள் காமாலையில் போனபிறகும் அவர் தளரவில்லை. இரண்டாயிரத்து ஆறு மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தபோதுதான் தளர்ந்தார். இடது பக்கம் மொத்தமாக விழுந்தது. ஆனாலும் பிடிவாதக்காரர், பிசியோதெரபிக்காரன் சொன்னதைப் போல இரண்டு மடங்கு செய்தார். கால் திரும்பி வந்தது. கை தோள்வரை, அப்புறம் மணிக்கட்டுவரை வந்தது. விரல்கள் மட்டும் வரவில்லை. எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. அதற்குமுன் ஓட்டிக்கொண்டிருந்த புது பைக்கை விற்றுவிட்டார்.

அப்புறம் ஆட்டோ. கூப்பிட்ட வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போவதற்குள் அந்த வீட்டுக்காரி வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். குழாயில் தண்ணீர் வராத வீட்டில் யாருக்கும் பொறுமை இருக்காது.

அவருடைய பையன் ஜெரால்டு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான், கொண்டாப்பூரில் ஃபிளாட். நல்ல பையன். தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்துதான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் வராந்தாவில் வைத்தே பேச்சை ஆரம்பித்தான்.

"எந்துக்கு டாடி ஈ மொண்டிதனம்? பிடிவாதம் போதும், கடையைக் க்ளோஸ் பண்ணுங்க. எங்க கூட வந்துடுங்க."

"வந்து?"

"ரெஸ்ட் எடுங்க. டிவி இருக்கு, கீழே பார்க் இருக்கு."

"பார்க்ல மோட்டார் இருக்கா?"

"டாடி!"

"கைக்குடா என்னை இழுக்கற? கை ஒண்ணுதானே போச்சு. காது போச்சா? மோட்டார் சத்தத்தைக் கேட்டா என்ன கோளாறுன்னு இப்பவும் சொல்வேன்."

"ஆனா போறதுக்கு யாராவது கூட்டிட்டுப் போகணுமே டாடி."

அதுதான் விஷயம் என்று மூன்று பேருக்கும் தெரியும். சூசைராஜ் மாடிப்படிக்குக் கீழே இருந்த என் மாப்புத் துணியைப் பார்த்தார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள நானே வண்டி ஓட்டிக் காட்டறேன். நீ பின்னாடி உக்காரு. உனக்கு பயமா இருந்துச்சுன்னா கடை ஷட்டரை நானே இறக்கிட்டு உன் வீட்டுக்கு வந்து பார்க்ல உக்காந்துக்கறேன். பயம் இல்லன்னா என்னை விட்டுடு."

ஜெரால்டு சரி என்றான். அப்பாவால் முடியாது என்று நினைத்துச் சொன்ன சரி அது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் போனதும் கேட்டேன். "இந்த ஓட்டை எதுக்குண்ணா? கியரும் கிளட்சும் இல்லாத ஸ்கூட்டர்தான் தெருவெல்லாம் ஓடறதே, அதுல ஒண்ணு வாங்கிக்கோங்கோளேன்."

"அதுல பின் பிரேக் இடது கையில இருக்கும்மா. இந்தக் கையால பால் பாக்கெட்டைப் பிடிக்க முடியல, பிரேக்கைப் பிடிப்பேனா? யெஸ்டில பின் பிரேக் வலது கால்ல. முன் பிரேக் வலது கையில. இடது கைக்கு ஒரே வேலைதான், கிளட்ச். அதையும் கால் பண்ணிடும்."

பழைய யெஸ்டியில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டாம். கியர் கம்பியைக் காலால் அழுத்தினால் கிளட்சும் தானாக விடுபடும். காலை மெல்ல மெல்லத் தூக்கினால் வண்டி நகரும். உள்ளே கேம் என்று சின்னதாக ஒரு இரும்புத் துண்டு, கொழுக்கட்டை மூக்கு மாதிரி ஒரு பக்கம் மேடாக இருக்கும். கம்பி திரும்பும்போது அந்த மேடுதான் கிளட்சைத் தள்ளுகிறது. சூசைராஜின் வண்டியில் அந்த மேடு எப்போதோ தேய்ந்து போயிருந்தது. கை நன்றாக இருந்த காலத்தில் அவருக்கு அது தேவைப்படவும் இல்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே என் மாப்புத் துணி தரையில் கிடந்தது. வண்டி வராந்தாவுக்கு ஏறிவிட்டது.

அதற்கப்புறம் என் வீடு என் வீடாக இல்லை. பெட்ரோல் டேங்கின் உள்ளே ஒரே துரு. புளியைக் கரைத்து ஊற்றி ஊற வைத்தால் போகும் என்று யாரோ சொன்னார்களாம். என் வீட்டுக்காரரும் சூசைராஜும் சேர்ந்து வருஷப் புளி ஜாடியில் கை வைத்தார்கள். நான் கத்தியதில் ஜல்லிக்கல்லும் டீசலும் போட்டுக் குலுக்கினார்கள். பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரை ராணிகஞ்சுக்குக் கொண்டுபோய்க் கடைந்து வந்தார்கள். மூடியில்லாத பெட்டிக்கு எர்ரகட்டா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மூடி கிடைத்தது. கலர்தான் வேறு. பூனைக்குட்டி இனிமேல் வராது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் ஃப்ரீசரைத் திறந்தால் பட்டாணிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் இரண்டு இரும்பு வளையம்.

"என்னண்ணா இது?" என்று சூசைராஜைக் கேட்டேன்.

"பேரிங். குளிர்ந்தா கொஞ்சம் சுருங்கும். இஞ்சின் கூட்டைச் சூடு பண்ணினா கொஞ்சம் விரியும். அப்போ தட்டாம கொட்டாம உள்ளே விழுந்துடும்."

"கூட்டை எதுல சூடு பண்ணப் போறேள்?"

அவர் அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் என் தோசைக்கல் இருந்தது. நான் கரண்டியை எடுத்தேன். கடைசியில் ஓரம் உடைந்த பழைய கல் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்து, அது இனிமேல் உங்களுக்கே என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொன்னேன். கூடு சூடானதும் நானே தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், தோசைக்குத் தெளிக்கிற மாதிரி. முத்து முத்தாக ஓடியது. ஃப்ரீசரிலிருந்து பேரிங்கை எடுத்து வைத்ததும் டொக் என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எனக்கும் பிடித்திருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை.

இடது கை ஹேண்டிலில் நழுவாமல் இருக்கத் தோல் வார் போட்டுக் கட்டலாம் என்றார் சூசைராஜ். "விழுந்தா கையும் வண்டியோடவே போகும்" என்றேன். அதனால் தண்ணீர்க் குழாய்த் துண்டை நீளவாக்கில் அறுத்து, அடுப்பில் வாட்டி, மெத்தென்று ஆனதும் அவர் உள்ளங்கையிலேயே துணி சுற்றி வைத்து அமுக்கி வளைத்தார்கள். மேல் பக்கம் திறந்த கிண்ணம் மாதிரி வந்தது. கை அதில் போய் உட்காரும், வேண்டியபோது எழுந்து வரும். வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். ஹார்ன் பட்டனை வலது கட்டைவிரலுக்கு மாற்றினார்கள். இண்டிகேட்டருக்கு டேங்க் பக்கத்தில் வீட்டு ஸ்விட்ச் மாதிரி ஒன்றை வைத்தார்கள். பின்னால் மோட்டார் வைக்க இரும்புக் கேரியர்.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேமுக்கு மட்டும் என் வீட்டுக்காரர் யாரையும் கிட்டே விடவில்லை. கடையில் கிடைத்த கேம் ஒன்றைக்கூடப் பாஸ் பண்ணவில்லை. பழைய கேமைக் கழற்றி, தேய்ந்திருக்கிறது என்று சிவப்புச் சீட்டு கட்டினார். அப்புறம் வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முடி அளவு வித்தியாசம் இல்லாமல் அளந்து, டிராயிங் போட்டு, லேத் பட்டறைக்குக் கொடுத்தார். வந்த புதுக் கேமை மறுபடி அளந்தார். பச்சைச் சீட்டு கட்டினார்.

"சார் பச்சைச் சீட்டு கட்டி நான் இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் சூசைராஜ்.

"நான் கல்யாணமான நாளா பார்த்ததில்லை" என்றேன்.

வண்டி முதல் தடவை கிளம்பியபோது தெருவே எட்டிப் பார்த்தது. ஒரே புகை. சத்தம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது, டக்டக்கென்று அலுத்துக்கொள்ளாமல் வேலை செய்கிற மாதிரி. சூசைராஜ் ஏறி உட்கார்ந்தார். கிண்ணத்தில் இடது கையை வைத்தார். கியர் கம்பியை அழுத்தினார்.

வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்துத் துவைக்கிற கல்லில் மோதி, அதன் மூலையை உடைத்துக்கொண்டு நின்றது.

பழக்கம் இல்லாததால் என்றார்கள். மறுபடி அழுத்தினார், மறுபடி குதித்தது. கிளட்ச் முழுசாக விடுபடாமலே கியர் விழுகிறது. பிளேட் ஒட்டிக்கொண்டது என்று பிளேட்டை மாற்றினார்கள். ஆயில் கெட்டி என்று ஆயிலை மாற்றினார்கள். திருகை இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள்.

"கேம்தான் சார்" என்று ஒருதடவை சூசைராஜ் மெதுவாகச் சொன்னார்.

"கேம் டிராயிங்படி இருக்கு. சந்தேகம் இருந்தா நீங்களே அளந்து பாருங்க."

அவர் அளந்து பார்த்தார். டிராயிங்படிதான் இருந்தது.

அடுத்த குதியில் சூசைராஜ் விழுந்தார். முழங்கை சிராய்த்தது. பெரிய அடியில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெரால்டு வந்து பிளாஸ்திரியைப் பார்த்தான். அப்பாவைத் திட்டவில்லை. காரிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளை இறக்கி மாடிக்குக் கொண்டுபோனான். கிறிஸ்துமஸ்வரை பொறுப்பதாகச் சொன்ன வாக்கை நினைவுபடுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். சூசைராஜ் தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

"நெக்ஸ்ட் சண்டே லாரி எடுத்துட்டு வர்றேன் டாடி."

"ஹவ்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரம் அவர் கீழே வரவில்லை. மாடியில் சாமான் நகர்த்துகிற சத்தம் மட்டும் கேட்டது. கடையில் இருந்த இரண்டு பேருக்கும் வேறு இடம் பார்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. மாப்புத் துணியைக் கொண்டுபோய் வராந்தாவில் நின்ற வண்டி ஹேண்டிலில் போட்டேன். பார்க்கச் சகிக்காமல் எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை என் நாத்தனார் பெண் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கை வந்தது. போட்டுப் பார்த்தால் கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. டெய்லரிடம் சண்டை போட்டுவிட்டு, சண்டையில் பாதி மிச்சம் இருந்ததால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"அளவு ரவிக்கைப்படி நூல் பிசகாம தெச்சிருக்கேன், வச்சுப் பாருங்கம்மாங்கறான். வச்சுப் பார்த்தா அவன் சொல்றது வாஸ்தவம். ரெண்டும் ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு. ஒட்டி வச்சுப் பார்த்து என்ன பண்றது? போட்டுக்க முடியலையே!"

என் வீட்டுக்காரர் பேப்பரைத் திருப்பினார். படியில் ஒரு அட்டைப்பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்த சூசைராஜ் பாதியில் நின்றார்.

"ஹம்சாம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்த அளவு ரவிக்கை உங்களுக்கு இப்பச் சரியா இருக்கா?"

பேப்பருக்கு மேலே என் வீட்டுக்காரர் கண் வந்தது.

"சரியா இருந்தா புதுசு எதுக்குத் தெச்சுக்கறேன்? துவைச்சுத் துவைச்சுச் சுருங்கிப் போச்சு. நானும் கொஞ்சம் பூசினாப்பல ஆயிட்டேன். இந்தக் கேள்வியெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

சூசைராஜ் பெட்டியைப் படியிலேயே வைத்தார். "சார், பழைய கேம் எங்க?"

"டப்பாவுல. சிவப்புச் சீட்டு கட்டி வச்சிருக்கேனே."

"கைக்கு சிவப்புச் சீட்டு?"

"தேஞ்சு போச்சுன்னுதான்."

"அப்புறம் டிராயிங் எதை அளந்து போட்டீங்க?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். வெர்னியர் என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றுவிட்டார். பேப்பர் மடியில் இறங்கியது. தேய்ந்துபோனது என்று தானே சீட்டு கட்டியதைத் தானே அளந்து, தேய்ந்த கேமையே புது இரும்பில் பளபளவென்று செய்து, அதற்குப் பச்சைச் சீட்டும் கட்டியிருக்கிறார். அளந்து பார்த்த சூசைராஜும் டிராயிங்கோடுதான் ஒத்துப் பார்த்தார். இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதுக்கா இத்தனை வருஷம் உங்களுக்குச் சம்பளம் கொடுத்தா?"

"நீ மட்டும் என்னவாம்? சுருங்கின ரவிக்கையைத்தானே அளவுக்குக் கொடுத்தே?"

உள்ளே போய்க் காபி போட்டேன்.

வெளியே வந்தபோது இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தன. நல்லவேளை, மனுஷர் எதையும் தூக்கிப் போடுவதில்லை. பழைய கேமின் மேட்டை சூசைராஜ் வலது கட்டைவிரல் நகத்தால் தடவினார். நடுவில் தேய்ந்திருந்தது. ஓரத்தில், எதுவும் வந்து உரசாத இடத்தில், நூல் போல ஒரு வரப்பு நகத்தில் தட்டியது.

"இது தேயல சார். இதுதான் பிறந்த அளவு."

"வரப்பு ரொம்ப மெல்லிசு. இதை நம்பி அளவு போட முடியாது."

"நக்கோ சார், அளவே போடாதீங்க. இதைவிட மேடாச் செஞ்சுப்போம். வண்டியில மாட்டி, மிதிச்சுப் பார்த்து, அரத்தால ராவி, மறுபடி மாட்டிப் பார்ப்போம். எப்பச் சரியா வருதோ அதுதான் அளவு."

"டிராயிங் இல்லாமலா?"

"டிராயிங்கோட செஞ்சதுலதான் துவைக்கிற கல்லு உடைஞ்சுது" என்றேன், டம்ளரை வைத்தபடி.

மறுநாள் ஜெரால்டு வாடகை லாரியோடு வந்தான். சூசைராஜ் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். "கிறிஸ்துமஸ்னு சொன்னேன். கிறிஸ்துமஸ் இன்னும் வரல. லாரியை அனுப்புடா." பையன் என்னைப் பார்த்தான். நான் லாரிக்காரனைப் பார்த்து, "போப்பா" என்றேன். அவன் போய்விட்டான்.

அந்தக் கேமை எத்தனை தடவை மாட்டிக் கழற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் அரத்தை எடுத்து ஒரு இழு இழுப்பார். சூசைராஜ் உட்கார்ந்து மிதித்துப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம்." மறுபடி ஒரு இழு. வெர்னியர் பெட்டி மூடியே இருந்தது. முதலில் அளக்காமல் தேய்க்கிறோமே என்று அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பழகிவிட்டது. தப்பு பண்ணின குழந்தை மாதிரி இருந்தவர், விளையாடுகிற குழந்தை மாதிரி ஆகிவிட்டார்.

ஒரு மத்தியானம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. குதிக்கிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போனது. அரிசியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். தெருக்கோடியில் சூசைராஜின் முதுகு திரும்பிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் நடுத்தெருவில் அரத்தோடு நின்றார்.

"சீட்டு கட்டலையா?" என்றேன்.

"எதை வச்சுக் கட்டறது? டிராயிங்கே இல்லையே" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் தினமும் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் பழகினார். டாக்டரிடம் கொண்டுபோய் ஓட்டிக் காட்டி, அவர் சரி என்று சொன்னபிறகுதான் மெயின் ரோட்டுக்கு எடுத்தார். அந்த விஷயத்தில் நான் விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெரால்டு வந்தான். இந்தத் தடவை பெட்டி இல்லை, ஹெல்மெட் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. சின்ன வயசில் இதே வண்டியின் டேங்கில் உட்கார்ந்து போனவன்தான். பின்னால் உட்கார்ந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"டாடி, மெல்லகா."

"வாயை மூடிட்டு உக்காருடா. பேசினா எனக்கு இஞ்சின் சத்தம் கேக்காது."

சூசைராஜ் கம்பியை மிதித்தார். காலை மெல்லத் தூக்கினார். வண்டி வழுக்கிக்கொண்டு போவது போலப் போனது. நாலு ரோடும் கூடுகிற சௌரஸ்தா வரை போய், அங்கே சிக்னலில் நின்று, திரும்பி வரவேண்டும். அதுதான் பேச்சு.

வாசலில் நின்றோம். என் வீட்டுக்காரர் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து மூடித் திறந்து மூடி, "இது லூசா இருக்கு" என்றார். சிக்னலில் பஸ் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று நான் நினைத்தேன். இடது பக்கம் இழுத்தால், கை கிண்ணத்திலிருந்து வழுக்கினால், கால் மறந்துபோனால் என்றெல்லாம் ஓடியது. அவர் தோற்றால் மாடி காலியாகும். வேறு குடித்தனம் கிடைக்கும். அது எனக்கு வேண்டாம் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் ஹார்ன் கேட்டது. அப்புறம் வண்டி. வாசலுக்கு வந்து, குதிக்காமல், இடிக்காமல் நின்றது. ஜெரால்டு இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். வேர்த்திருந்தது. சூசைராஜ் இறங்கவில்லை. கிண்ணத்தில் கையை வைத்தபடியே, பையன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஹார்ன் ரொம்ப அடிக்கறீங்க டாடி" என்றான் ஜெரால்டு. "எந்துக்கு? ரோடுல யாருமே இல்ல, அப்பவும் அடிக்கறீங்க. அப்புறம் ரைட் டர்ன்ல இண்டிகேட்டர் போடவே இல்ல."

"போட்டேன்."

"லேது. போடல. நான் பார்த்தேன்."

"போட்டேன்டா! பல்பு எரியலன்னா நான் என்ன பண்றது?"

"அப்ப பல்பை மாத்துங்க!"

கத்திக்கொண்டே போனார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வா, வந்துவிடு, ரெஸ்ட் எடு என்று கெஞ்சிய பையன், பல்புக்குச் சண்டை போடுகிறான். பயந்தவன் பல்பைப் பார்க்க மாட்டான். என் வீட்டுக்காரர் இதற்குள் டப்பாவை எடுத்துவந்து பல்பைத் தேடிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் சிவப்புச் சீட்டு.

ஜெரால்டு அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். போகும்போது மாடிக்குப் போய், மடித்துவைத்திருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்துவந்து பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தான். கடை ஷட்டர் திங்கட்கிழமை ஏறியது. காயில் சுற்றுகிற இருவரில் ஒருவர் திரும்பி வந்தார், இன்னொருவர் இடத்துக்கு வேறு ஆள் கிடைத்தது.

ரவிக்கையைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள முடியவில்லை. வேறு ஒன்று தைத்தேன். இந்தத் தடவை அளவு ரவிக்கை கொடுக்காமல், டெய்லரின் மனைவியை டேப்போடு வரச் சொல்லி அளக்க விட்டேன். வந்த அளவை அவள் சத்தமாகச் சொன்னாள். அதைமட்டும் இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த ஏப்ரலில் எங்கள் மோட்டாரே எரிந்தது. கடைக்குப் போன் போட்டேன். குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் வாசலில் ஹார்ன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"யாரைப் பார்த்துண்ணா அடிக்கறேள்?" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

"யாரும் இல்ல ஹம்சாம்மா. சும்மா" என்றார்.